மாங்காய் பெல்ட்

கடையில் வாங்கிய பெல்ட் எட்டாவது மாதத்தில் உரிய ஆரம்பித்தது. முதலில் ஓட்டைகளைச் சுற்றி விரிசல். நகத்தால் லேசாக நெம்பினேன், மேலே இருந்த பழுப்புப் படலம் வெங்காயத் தோல் மாதிரி கழன்று வந்தது. உள்ளே அட்டை போல ஏதோ. அசல் தோல் என்று உள்பக்கம் அழுத்தியிருந்த முத்திரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தார். "தோலுதான் சார். ஆனா தூளாக்கிப் பசை போட்டு அழுத்தினது. இதைத் தைச்சா ஊசி போன வழியிலயே கிழியும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த செருப்பை எடுத்துக்கொண்டார்.

நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது அப்போதுதான். செய்வதுதான் செய்கிறோம், வெறும் பட்டையாக ஏன், அதில் வேலைப்பாடும் இருக்கட்டுமே என்று ஆசை இன்னொரு படி ஏறியது. நான் கணக்கு எழுதுகிறவன். சுத்தியலைக் கையில் எடுப்பது வருஷத்துக்கு ஒரு முறை, காலண்டர் மாட்ட.

தோலில் செதுக்குவது என்று சொன்னாலும் மரவேலை போல இதில் எதையும் வெட்டி எடுப்பதில்லை. ஈரத் தோலில் கோடு கீறி, கோட்டுக்கு வெளிப்பக்கத்தை எஃகு அச்சுகளால் தட்டித் தட்டி அமுக்க வேண்டும். அமுங்காத பக்கம் எழும்பி நிற்பது போலக் கண்ணுக்குத் தெரியும். இதற்குப் பேர்போன ஊர் அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து ஷெரிடன். அங்கே டான் கிங் என்ற சேணக் கைவினைஞர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாணியில், கொடிகள் வட்டம் வட்டமாகச் சுழன்று ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பூ உட்கார்ந்திருக்கும். வீடியோக்களில் அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். ஆனால் நேரில் பார்த்தே இராத பூவை இடுப்பில் கட்டிக்கொள்வானேன் என்று பீரோவைத் திறந்தேன். மனைவியின் அரக்கு நிறக் காஞ்சிப் பட்டின் கரையில் வரிசையாக மாங்காய். ஒவ்வொன்றும் ஓர் அங்குல உயரம், பெல்ட்டுக்கென்றே அளவெடுத்த மாதிரி.

"புடவை மேல பென்சில் பட்டுச்சுன்னா அப்புறம் நடக்கிறதே வேற" என்ற வாழ்த்தோடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, டிரேசிங் பேப்பரில் ஒரே ஒரு மாங்காயை எடுத்துக்கொண்டேன்.

முதல் தோல் வீண். பை தைக்கும் ஒருவரிடம் மிச்சத் துண்டு வாங்கிவந்து, தண்ணீர் தடவி, அச்சை வைத்து ஓங்கி அடித்தேன். அழகாகப் பதிந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதியைக் காணோம். மறுநாள் காலையில், எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல வழவழவென்று கிடந்தது. மறுபடியும் தெருமுனைக்குப் போனேன்.

அண்ணன் துண்டின் வெட்டுவாயைப் பார்த்தார். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம். "இது குரோம் தோலு. ஷூவுக்கு, பைக்கு நல்லா இருக்கும். நீங்க அடிக்கிற அடிக்கு ஆகாது. தண்ணி குடிக்கிற தோலா பாத்து வாங்குங்க சார்."

இன்று கடைக்கு வரும் தோலில் பெரும்பகுதி குரோம் உப்பில் பதனிட்டதுதான். சீக்கிரம் வேலை முடியும். தோல் மெத்தென்று, கசக்கினாலும் திரும்ப நிமிர்கிற குணத்தோடு இருக்கும். அந்த நிமிர்கிற குணம்தான் எனக்குப் பகை. மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல் வேறு ஜாதி. இழைகளுக்கு நடுவே துவர்ப்பு ஏறி நிரம்பியிருக்கும். ஈரம் பட்டால் களிமண் போல இளகும். அமுக்கிய இடத்தில் அமுங்கும். காய்ந்தால் அப்படியே நிற்கும்.

சென்னையில் தோல் கடைகள் நிறைந்த பெரியமேட்டுக்குப் போனேன். சிடன்ஹாம்ஸ் சாலையில் இறங்கியதுமே தோல் வாசனை கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். நாலைந்து கடை ஏறி இறங்கி, ஒரு கடையின் பரணில் மிச்சமாகக் கிடந்த எருமைத் தோல் கிடைத்தது. 3.5 மி.மீ. தடிமன், 4 அடி நீளம், அரை அடி அகலம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். வைத்த கணத்தில் உறிஞ்சி, பழுப்பு வட்டமாகிவிட்டது. கடைக்காரப் பெரியவருக்கு என் சோதனை வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "அந்தக் காலத்துல ஆவாரம்பட்டை, கடுக்கா. இப்ப எல்லாம் வாட்டில் சாறு" என்றார். வாட்டில் என்றால் நீலகிரியில் சீகை மரம் என்கிறார்களே, அது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய தோலுக்கு ஈ.ஐ. லெதர் என்று பெயர், அதாவது ஈஸ்ட் இந்தியா. 2008-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரைக்கு இப்படி ஒரு வேலை இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அளவு விஷயத்தில் மட்டும் நான் ஏமாறவில்லை. பேன்ட்டில் 34 என்று போட்டிருப்பதை நம்பி வெட்டியிருந்தால் என் மகளுக்குத்தான் பெல்ட் ஆகியிருக்கும். பழைய பெல்ட்டை நீட்டிவைத்து, பக்கிள் மடியும் இடத்திலிருந்து நான் வழக்கமாக மாட்டும் ஓட்டை வரை அளந்தேன். 38 அங்குலம். அந்த ஓட்டைக்கு அப்பால் வால் 6 அங்குலம், பக்கிளைச் சுற்றி மடிக்க 3. மொத்தம் 47. அகலம் 38 மி.மீ. இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரால் ஒரே இழுப்பில் வெட்டாமல் நாலைந்து தடவையாக வெட்டினேன். ஓரிடத்தில் ஸ்கேல் நழுவியது உண்மை. அரை அடி அகலத்தில் நாலு பட்டை வந்தது. ஒன்று பெல்ட்டுக்கு, மற்றவை பழக.

அச்சுகளை ஆன்லைனில் ஒரு செட்டாக வாங்கினேன். அதில் வந்த ஸ்விவல் கத்திக்கு, அதாவது விரலால் உருட்டித் திருப்பிக் கோடு கீறும் கத்திக்கு, வெண்ணெய் வெட்டக்கூடத் தெம்பில்லை. அடியில் வைக்க முதலில் எடுத்தது வீட்டு அம்மி. கனம் சரி, ஆனால் அதன் முகம் முழுக்கக் கொத்து. அந்தக் கொத்தெல்லாம் தோலின் பின்பக்கம் அச்சு அசலாக இறங்கிவிட்டது. அப்புறம் கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு அறுத்த மிச்சத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பளபளவென்ற முகம், இரண்டு பேர் தூக்குகிற கனம். அடியில் பழைய பாயை மடித்துப் போட்டது தோலுக்காக இல்லை, கீழ் வீட்டுக்காரர்களுக்காக.

இனி பதம். கத்தியோ அச்சோ எது எப்படி இருந்தாலும், இந்த வேலை முழுக்கப் பதத்தில்தான் நிற்கிறது.

தோலை ஈரமாக்கி வேலைக்குத் தயார் செய்வதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள்: ஸ்பாஞ்சால் நனை, பழைய நிறம் திரும்பும்வரை காத்திரு. நான் நனைத்தேன், காத்திருக்கவில்லை. சொதசொதவென்ற தோலில் கத்தி ஓடியபோது கோடு ஆழமாக விழுந்தது மாதிரி இருந்தது. அச்சை அடித்தால் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. காய்ந்ததும் எல்லாக் கோடும் பல்லிளித்துக்கொண்டு அகலமாகி, அச்சு பதிந்த இடமெல்லாம் மழுங்கிவிட்டது. அடுத்த துண்டில் மறுகோடிக்குப் போய், நன்றாகக் காயவிட்டு அடித்தேன். அச்சு எகிறியது. பதிந்ததும் மேலோட்டம்தான், வெளிறிய தழும்பு.

நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. நனைந்து கறுத்த தோல் மெல்ல வெளுத்து, ஏறக்குறைய பழைய நிறத்துக்கு வந்திருக்கும். பார்த்தால் காய்ந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் அச்சை வைத்து ஒரு தட்டு தட்டினால், அமுங்கிய இடம் தானாகவே அடர் பழுப்பாக மாறுகிறது. சாயமில்லை, எதுவுமில்லை. முதல் முறை அந்த நிறம் வந்தபோது நான் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா அதிரசப் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். ஒரு நிமிஷம் முன்னே என்றால் பிரிந்துபோகும், ஒரு நிமிஷம் பின்னே என்றால் கல். தோல் பதனிடுதல் என்று நாம் சொல்லும் சொல்லிலேயே அந்தப் பதம் உட்கார்ந்திருக்கிறது.

பதம் வந்தால் போதாது, நிற்கவும் வேண்டும். சென்னை மே மாதம், மின்விசிறி ஐந்தில் ஓடுகிறது. ஒரு மாங்காயின் தலையிலிருந்து காம்புக்கு வருவதற்குள் தலை காய்ந்துவிட்டது. விசிறியை நிறுத்தினேன். இப்போது நெற்றி வியர்வை சொட்டி, வேண்டாத இடங்களில் பதம் கெட்டது. கடைசியில் பிடிபட்ட வழி இது: முந்தின இரவு நனைத்து, பாதி காய்ந்ததும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிடுவது. காலைக்குள் ஈரம் தோலின் நடுவரை ஒரே சீராக இறங்கியிருக்கும். வேலை செய்யும் ஒரு சாண் தவிர மற்றதெல்லாம் பைக்குள்ளேயே. தலையில் ஒரு துண்டு. ஒரு பழகு துண்டை அந்தப் பைக்குள் மறந்துவிட்டு நாலு நாள் ஆபீஸ் போய்வந்தேன், பச்சைப் பூஞ்சை பூத்திருந்தது. ஆகவே ஒரு ராத்திரி, அதற்கு மேல் வேண்டாம்.

கத்திக்கு வருவோம். ஸ்விவல் கத்தியைப் பேனா மாதிரி பிடிக்கக்கூடாது. தலையில் இருக்கும் வளைவில் ஆள்காட்டி விரல் உட்கார்ந்து அழுத்தும். கட்டைவிரலும் நடுவிரலும் உடலை உருட்டித் திருப்பும். தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் கீற வேண்டும். என் கத்தி கீறவில்லை, உழுதது. அட்டைத் துண்டில் கத்தி தீட்டும் பச்சை பாலிஷைத் தேய்த்து, அதில் கத்தி முனையை ஐம்பது முறை பின்னோக்கி இழுத்தேன். முகம் கண்ணாடி போல ஆனதும் அதே கத்தி தோலில் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு இரண்டு மாங்காய்க்கு ஒரு முறை பத்து இழுப்பு.

மாங்காயின் வயிறு சுலபம். மூக்குதான் சோதனை. நுனியில் கோடு சுருண்டு உள்ளே திரும்பும் இடத்தில், கத்தியை உருட்டிக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்து, கோடு மெலிந்து மறைகிற மாதிரி தூக்க வேண்டும். என் முதல் மூன்று மாங்காய்களுக்கு மூக்கு மடங்கியிருக்கிறது. நான்காவதிலிருந்து மாங்காய் போலவும், ஒன்பதாவதிலிருந்து புடவையில் இருப்பது போலவும் இருக்கும். வரிசையைப் பார்த்தாலே எங்கே தொடங்கினேன் என்று சொல்லிவிடலாம்.

கீறிய கோட்டுக்கு வெளியே அமுக்குவது பெவலர் என்ற அச்சு. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சரியும் முகம். தடித்த விளிம்பைக் கோட்டில் வைத்து, தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே அச்சின் பாதி அகலம்தான் நகரலாம். அவசரப்பட்டால் படிக்கட்டு விழும். நான் பழநி மலையே கட்டினேன். கையைத் தூக்கி ஓங்காமல், அச்சைத் தோலுக்கு மேல் மயிரிழை தூக்கிப் பிடித்தபடி சின்னச் சின்னத் தட்டாகப் போட்டதும் படிகள் கரைந்தன. அப்புறம் மாங்காய்களுக்கு இடைப்பட்ட வெளி முழுக்கப் புள்ளி அச்சு. ஒரு மாங்காய்க்கு 25 நிமிஷம். மொத்தம் 19 மாங்காய். மூன்று வாரக் கடைசி போனது.

நாலு மாங்காய் முடித்த ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் தோல் முழுக்க நீலக் கறுப்பில் பொட்டுப் பொட்டாக. மை தெளித்த மாதிரி. மகள் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது, பாவம். பிறகு உறைத்தது: நான் அச்சுகளை அடித்தது ஆணி அடிக்கும் இரும்புச் சுத்தியலால். அடித்த அடியில் உதிர்ந்த இரும்புத் தூள் ஈரத் தோலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறது. தோலில் இருப்பது துவர்ப்பு. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து அந்தக் காலத்தில் எழுதும் மை செய்வார்களே, அதே வேலைதான். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் இருக்கும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. நான் தெரியாமல் பெல்ட் மேல் மை காய்ச்சியிருக்கிறேன்.

எலுமிச்சம்பழம் அரை மூடியைப் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, பஞ்சால் ஒற்றினேன். கண் முன்னாலேயே பொட்டுகள் சாம்பலாகி, மங்கி, போயே போய்விட்டன. உடனே நல்ல தண்ணீரில் துடைத்துவிட்டேன். இரண்டு இடம் மட்டும் உத்துப் பார்த்தால் தெரியும். அன்று மாலையே ஆசாரி ஒருவரிடம் கேட்டு ஒரு கொட்டாப்புளி வாங்கிவந்தேன். மரம் என்பதால் அச்சின் தலையும் பிழைத்தது.

ஆறாவது மாங்காயில் இன்னொன்று கவனித்தேன். பட்டை வளைந்திருக்கிறது, உறையிலிருந்து எடுத்த வாள் மாதிரி. ஏன் ஒரே பக்கமாக வளைய வேண்டும் என்று யோசித்தால், மாங்காய் கீழே பருத்தும் மேலே மூக்காய் மெலிந்தும் இருக்கிறது. மேல்புறம்தான் வெற்றிடம் அதிகம், அங்கேதான் புள்ளி அச்சை அதிகம் அடித்திருக்கிறேன். அடித்த தோல் பரந்து நீளும். மேல் ஓரம் நீண்டது, கீழ் ஓரம் நீளவில்லை, பட்டை வளைந்தது. தட்டத் தொடங்கும் முன்பே, தோல் காய்ந்திருக்கும்போது, பின்பக்கம் முழுக்கப் பார்சல் டேப்பை ஒட்டியிருந்தால் நீளாமல் பிடித்திருக்கும். மிச்சப் பகுதிக்கு ஒட்டினேன், நேராக வந்தது. வளைந்த பகுதியை நனைத்து, கையால் இழுத்து நிமிர்த்தி, கிரானைட்டுக்கு அடியில் ஒரு ராத்திரி படுக்கவைத்தேன். முக்கால்வாசி நிமிர்ந்தது.

ஓரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளிம்பைச் சீவி, 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் தொட்டு, பழைய வேட்டித் துணியைக் கட்டைவிரலில் சுற்றிச் சூடு பறக்கத் தேய்த்தால் பஞ்சு மாதிரி இருந்த ஓரம் இறுகிக் கண்ணாடியாகிறது. கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகு. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரே கட்டம் இது.

நிறத்துக்குச் சாயம் வாங்கியே வைத்திருந்தேன். அண்ணன்தான் வேண்டாம் என்றார். "வெயில்ல காட்டுங்க, விளக்கெண்ணெய் போடுங்க. அது பாட்டுக்கு நிறம் ஏறும்." மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மத்தியானத்துக்குள் வெளிறிய பழுப்பு தேன் நிறமாகிவிட்டது. கிளிப் கடித்திருந்த இடத்தில் மட்டும் அதன் இரண்டு பல்லும் வெள்ளையாகத் தெரிந்தன, கைக்கடிகாரம் கழற்றிய மணிக்கட்டு மாதிரி. மறுநாள் தலைகீழாகத் தொங்கவிட்டு அதைச் சரிக்கட்டினேன். விளக்கெண்ணெய் இரண்டே சொட்டு, துணியில் தொட்டு. அதிகம் போட்டால் பிசுபிசுப்பு போகாது.

பக்கிள் பித்தளை, 40 மி.மீ. மடியும் இடத்தைப் பின்பக்கம் பாதித் தடிமனுக்குச் சீவி, நாக்கு நுழைய இரண்டு வட்ட ஓட்டை போட்டு நடுவே வெட்டி இணைத்து, இரண்டு திருகு ரிவெட்டால் முடுக்கினேன். வால் பக்கம் ஓர் அங்குல இடைவெளியில் 5 ஓட்டை. நடு ஓட்டை 38-ல்.

மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மகள் பாயில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, மாங்கா எல்லாம் தலைகீழா இருக்கு."

குனிந்து பார்த்தேன். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. அதுதான் பிரச்சினை. கண்ணாடிக்கு ஓடினேன். 19 மாங்காயும் மூக்கைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி நிற்கின்றன.

ஆண்கள் பெல்ட்டை இடப்பக்கத்து லூப்பில் நுழைத்து, முதுகைச் சுற்றி, வலப்பக்கமாகக் கொண்டுவந்து மாட்டுவோம். இத்தனை வருஷம் தினமும் செய்கிற காரியம். அப்படி மாட்டும் பெல்ட்டைக் கழற்றி மேசையில் விரித்தால், எதிரில் நிற்பவருக்கு எது மேலோ அது மேலே வரும்படி வைத்தால், பக்கிள் இடது கைப்பக்கமும் வால் வலது கைப்பக்கமும் இருக்கும். நான் பக்கிளை வலப்பக்கம் வைத்து வரைந்திருக்கிறேன். வெறும் பட்டையில் இது தெரியாது, பூவும் கொடியும் என்றாலும் சமாளிக்கலாம். மாங்காய்க்குத் தலையும் காலும் உண்டு.

மனைவி வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கழட்டி இந்தப் பக்கத்துலேர்ந்து மாட்டுங்க" என்றார். கழற்றி, வலப்பக்க லூப்பில் ஆரம்பித்து எதிர்த்திசையில் சுற்றி மாட்டினேன். மாங்காய்கள் எழுந்து நின்றன.

இப்போது தினமும் அப்படித்தான் கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறேன். காலை அவசரத்தில் கை பழக்கத்துக்கு இடப்பக்கம் போகும், முதல் லூப்பில் நுழைத்த பிறகு ஞாபகம் வந்து உருவுவேன். மிச்சம் இன்னொரு பட்டை இருக்கிறது. அதன் பின்பக்கம் டேப் ஒட்டி, இடது ஓரத்தில் பென்சிலால் பெரிதாக 'பக்கிள்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.